பார்சல் கவுண்டரில் ஒரு கொக்கு

எனக்கு முன்னால் நின்றவனின் கையில்
கறுப்பு ஹெல்மெட்.
அதன் பிடரியில் ஓர் உடும்பு.
பதினாறு நிறம், அறுபத்துநான்கு பிக்சல் அகலம்.
நான் கீறினது.
விரும்பினவர் அச்சடித்து ஒட்டலாம் என்று விட்டிருந்தேன்.
ஒருவரும் அடித்ததாகத் தெரியாது.

யாழ்ப்பாணப் பெரிய தபாற்கந்தோர், பத்தரை மணி.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும்;
மற்றப் பக்கத்தில் வரிசை.

கந்தோரில் நான் மிஸ் சுபாங்கினி.
தண்ணீர்ப் பட்டியல்களைக் கூட்டிச் சரிபார்ப்பவள்,
"ஏதோ கொம்பியூட்டரில விளையாடுறவள்."
விளையாடுவதில்லை, விளையாட்டைச் செய்கிறேன் என்று
ஒருமுறை திருத்தினேன்.
"ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை" என்றார் சாந்தமலர் அக்கா,
லஞ்ச் சீற்றை மடித்தபடி.

இரவு பத்துக்குப் பிறகு நான் உடும்பு.
பிடித்தால் விடாது என்பதற்காக வைத்த பெயர்.
உண்மையில் எத்தனையோ விட்டிருக்கிறேன்:
பாதியில் நின்ற மூன்று விளையாட்டுகள்,
ஒரு கலியாணப் பேச்சு.

பெயர் கூப்பிட்டார்கள்:
இராசையா ஜெனார்த்தனன், ஏழாலை.
பெட்டியைச் சுங்கத்துக்காரர் பிரித்தார்.
உள்ளே நெல்மணி நீளத்தில்
எழுபது சின்னச் சுருள்கள்.
"இதென்ன தம்பி?"
"கீபோட்டுக்கு, ஸ்பிரிங்."
"பழசு பழுதாப் போச்சோ?"
"இல்லை ஐயா. சத்தம் சரியில்லை."
வரிசை சிரித்தது.

நான் சிரிக்கவில்லை.
மூன்று மாதமாக அந்தச் சத்தத்தைப் பற்றி
எனக்கு எழுதிக்கொண்டிருப்பவன் ஒருவன்தான்:
மழை தகரத்தில் விழுவதுபோல் வேண்டாம்,
மணலில் விழுவதுபோல் வேண்டும் என்று.
கொக்கு39.

அவன் நோர்வேயில் இருப்பதாக
ஏன் நினைத்தேனோ தெரியாது.
நள்ளிரவுக்குப் பின்னும் விழித்திருப்பான்;
நானும்தான்.
ஏழாலை. பஸ்ஸில் நாற்பது நிமிடம்.

என் விளையாட்டில், பண்ணைப் பாலத்தின் கரையில்
சுவர் வைக்க மறந்ததைக் கண்டுபிடித்தவன் அவன்.
பாத்திரத்தைக் கடலுக்குள் இறக்கி
இரண்டரை மணிநேரம் நீலத்துக்குள் நடத்திவிட்டு
எழுதினான்: "ஒண்டும் இல்லை. அடைக்காதேயும்."
அடைக்கவில்லை.

பேசியிருக்கலாம்.
கொக்கு என்று கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான்;
வரிசை முழுதும் திரும்பியிருக்கும்.
என் தொண்டையில் இருந்ததெல்லாம்
அழித்துத் திருத்தவும்
அனுப்பாமல் வைத்திருக்கவும் பழகிய வாக்கியங்கள்.
அத்தோடு, அவன் என்னை ஆண் என்று நினைத்திருக்கிறான்.
நான் மறுத்ததில்லை.
ஆண் என்றால் ஆட்கள் பிழையை மட்டும் சொல்வார்கள்.

ஆகவே ஹெல்மெட்டைப் பார்த்தேன்.
வெயில் தின்று பச்சை மஞ்சளாகியிருந்தது.
ஒரு காலில் தார்.
வாலின் மூன்றாம் வளைவில்
ஒரு பிக்சல் வெளியே துருத்தி நின்றது.
நூறு தரம் பெருப்பித்துப் பார்த்த படம்;
திரையில் ஒருநாளும் தெரியாதது
ஒரு மனிதன் சுமந்து திரிந்தபோது தெரிந்தது.

அவன் போனான். பைக் உதைத்த சத்தம்,
தகரத்தில் மழை.
என் பெட்டிக்குள் கீறுபேனாவின் முனைகள் ஐந்து,
இரண்டு உடைந்து.

அன்றிரவு வாலைத் திருத்திப் பதிவேற்றினேன்.
குறிப்பில் "சிறு மாற்றம்" என்று மட்டும்.
பன்னிரண்டு ஐந்துக்கு வந்தது:
"வாலில கை வைச்சிட்டீர் போல.
பழசுதான் நல்லம்.
அதிலதான் உடும்பு கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது."

எழுதினேன், அழித்தேன், எழுதினேன்:
"ஸ்பிரிங் எப்பிடி?"
அனுப்பிய பிறகுதான் உறைத்தது.
வந்துசேர்ந்ததாக அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மூன்று புள்ளிகள் தோன்றின. மறைந்தன.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஓர் ஒலித்துண்டு, ஒன்பது செக்கன்.
பேச்சில்லை. எதையோ தட்டச்சு செய்கிறான்,
மணலில் மழை.
என்ன சொல் என்று
காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.